வீட்டின் நினைவைப் பகிர்ந்துகொள்வோம்

ஒரு வீடு தானாக இயங்குவதில்லை. அரிசி தீர்வதற்குள் வாங்க வேண்டும். மின்சாரக் கட்டணத்தையும் தண்ணீர்க் கட்டணத்தையும் உரிய நாளுக்குள் செலுத்த வேண்டும். பாட்டியின் இரத்தக் கொதிப்பு மாத்திரை முடிவதற்குள் மருந்தகத்திற்குச் செல்ல வேண்டும். காரின் சாலை வரியையும் காப்புறுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். 12 வயதை எட்டும் பிள்ளைக்கு மைகாட் எடுக்க வேண்டும். புறப்பாட நடவடிக்கை நாளன்று சீருடை துவைத்து உலர்ந்திருக்க வேண்டும். அடுப்பு பாதிச் சமையலில் அணைந்து போகாமல் இருக்க, எரிவாயுத் தோம்பு எப்போது மாற்றப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இவற்றுள் எந்த வேலையும் தனித்துப் பார்த்தால் கடினமானதன்று. ஆயினும், அனைத்தையும் ஒருவரே நினைவில் வைத்திருக்க வேண்டுமென்றால் அது எளிதன்று. பல வீடுகளில் அந்த ஒருவர் யார் என்று கேட்டால், பிள்ளைகள் தயங்காமல் விடை கூறுவார்கள். கத்தரிக்கோல் எங்கே, பிறப்புச் சான்றிதழ் எந்த அலமாரியில், பல் மருத்துவரைப் பார்க்கும் நாள் என்று என எதைக் கேட்டாலும், "அம்மாவைக் கேளுங்கள், அவருக்குத்தான் தெரியும்" என்பதே பதிலாக இருக்கும்.

பட்டியல் போடுவதும் திட்டக் குறிப்பேடு வைத்திருப்பதும் நேரத்தை மிச்சப்படுத்தும் பழக்கங்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அது உண்மையே. ஆனால், அவற்றுக்கு அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒருவர் தலையில் மட்டும் இருக்கும் செய்திகளை, அவை வீட்டிலுள்ள அனைவருக்கும் பொதுவாக்குகின்றன.

நினைவுக்கும் எல்லை உண்டு

மனித மனம் ஆண்டுக்கணக்கில் பல செய்திகளைச் சேமித்து வைக்க வல்லது. எனினும், ஒரே நேரத்தில் அது ஏந்திக்கொள்ளும் செய்திகள் மிகச் சிலவே. 1956ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் அறிஞர் ஜார்ஜ் மில்லர், குறுகிய கால நினைவில் ஏறத்தாழ 7 செய்திகளை வைத்திருக்க முடியும் என்று எழுதினார். 2001ஆம் ஆண்டில் நெல்சன் கோவன் எனும் மற்றோர் அறிஞர், அந்த எண்ணிக்கை 4 அளவில்தான் இருக்கும் என்று விளக்கினார். வீட்டு வேலைகளோ நான்கோடும் நிற்பதில்லை, ஏழோடும் நிற்பதில்லை.

நினைவில் இருவகை உண்டு. நடந்து முடிந்ததை நினைவுகூர்வது ஒரு வகை. செய்ய வேண்டியதை உரிய நேரத்தில் நினைவுகூர்வது மற்றொரு வகை. தேர்வில், "மலேசியா எந்த ஆண்டில் விடுதலை பெற்றது?" என்று வினா கேட்கப்படுகிறது. அந்த வினாவே விடையைத் தேட நம்மைத் தூண்டுகிறது. ஆனால், பள்ளியிலிருந்து திரும்பும் வழியில் ரொட்டி வாங்க வேண்டும் என்றால், கடையைக் கடக்கும்போது யாரும் நம்மிடம் வினா கேட்பதில்லை. நண்பருடன் பேசிக்கொண்டே கடையைத் தாண்டி விடுகிறோம். வீட்டு வாசலில் கால் வைத்த பிறகுதான் ரொட்டி நினைவுக்கு வருகிறது. இது பொறுப்பின்மை என்று உடனே சொல்லிவிட முடியாது. நினைவூட்ட ஒன்றும் இல்லாதபோது இரண்டாம் வகை நினைவு எளிதில் தவறிவிடும். கையிலுள்ள பட்டியலோ, கைப்பேசியின் ஒலியோ அந்த நேரத்தில் கேட்கப்படாத வினாவைக் கேட்கிறது.

எழுதப்படாத வேலைகள் மனத்தை ஓயவும் விடுவதில்லை. 2018ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 இளையோரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் தங்கவைத்தனர். படுக்கும் முன் ஒரு பிரிவினர், வரும் நாள்களில் செய்ய வேண்டிய வேலைகளை 5 நிமிடம் எழுதினர். மற்றொரு பிரிவினர், செய்து முடித்த வேலைகளை அதே அளவு நேரம் எழுதினர். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே உறங்கினர். பட்டியல் எவ்வளவு விளக்கமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் உறக்கம் வந்தது. தாளில் இறக்கி வைத்த சுமையை மனம் சுமக்க வேண்டியதில்லை போலும்.

மறதியின் தீமையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே எண்ணிப் பார்த்துள்ளனர். திருக்குறளில் 'பொச்சாவாமை' என்பது 54ஆம் அதிகாரம். கடமையை மறவாதிருத்தல் என்பது அதன் பொருள். 'மடியின்மை' அதிகாரத்திலோ காலம் தாழ்த்துதல், மறதி, சோம்பல், அளவுமீறிய உறக்கம் ஆகிய நான்கையும் திருவள்ளுவர் ஒன்றாக வைத்துக் கண்டிக்கிறார். சோம்பலுக்கு மருந்து முயற்சி. மறதிக்கு மருந்து எழுதி வைத்தல்.

பட்டியல் புதிய பழக்கமன்று

பட்டியல் என்றதும் அது அலுவலகங்களிலிருந்து வந்த புதிய பழக்கம் என்று சிலர் எண்ணலாம். உண்மையில், பட்டியல் எழுத்தைப் போலவே பழமையானது. இன்றைய ஈராக்கில் இருந்த ஊருக் எனும் பழைய நகரத்தில், 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை கதைகளோ பாடல்களோ அல்ல. தானியம், கால்நடை, கூலி போன்றவற்றின் கணக்குகளே.

மலேசிய வீடுகளுக்கும் இப்பழக்கம் அந்நியமன்று. சட்டைப் பையில் அடங்கும், அட்டையில் '555' என்று அச்சிடப்பட்ட சிறு குறிப்பேட்டைப் பெரியவர்கள் நன்கு அறிவர். மளிகைக்கடையில் கடனாக வாங்கிய பொருள்களை அதில் குறித்து வைத்து, சம்பள நாளில் கணக்குத் தீர்ப்பது வழக்கமாக இருந்தது. அதேபோல், குதிரைப் பந்தய நாள்களுக்குக் குதிரைப் படம் போட்ட பெரிய சுவர் நாள்காட்டியும் பல வீடுகளில் தொங்கியது. இன்றும் தொங்குகிறது. பந்தயத்தில் ஆர்வமே இல்லாதவர்கள்கூட அதை விரும்பி வாங்கினர். கட்டங்கள் பெரியவை, எழுத இடம் உண்டு என்பதே காரணம். எரிவாயுத் தோம்பு மாற்றிய நாள், கூட்டுப் பணம் கட்ட வேண்டிய நாள், உறவினர் வீட்டுத் திருமண நாள் என எல்லாம் அந்தக் கட்டங்களில் இடம்பெற்றன.

விழாக்காலங்களில் தமிழர் வீட்டுப் பட்டியல்கள் இன்னும் நீளமானவை. திருமணம் என்றால் அழைப்பிதழ் கொடுக்க வேண்டியோர் பட்டியல், பூசைப் பொருள் பட்டியல், சமையல் பொருள் பட்டியல், மொய்க் கணக்கு என ஒரு குறிப்பேடே நிறைந்துவிடும். வெற்றிலை பாக்கு முதல் வாழைமரம் வரை ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் ஒருவரின் பெயர் இருக்கும். ஒருநாள் திருமணத்திற்கு இத்தனை அக்கறையோடு பட்டியல் போடும் அதே வீடு, ஆண்டு முழுவதும் வரும் திங்கட்கிழமைகளுக்குப் பட்டியல் போடுவதில்லை. அன்றாட வேலைகளை யாரோ நினைவில் வைத்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடுகிறது.

வல்லுநர்களும் பட்டியலை நம்புகின்றனர்

'நல்ல நினைவாற்றல் உள்ளவருக்குப் பட்டியல் எதற்கு?' என்ற கேள்வி எழலாம். 1935ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் அமெரிக்காவில் நடந்த ஒரு விபத்து இதற்கு விடை தருகிறது. ஓஹாயோ மாநிலத்தில் உள்ள ரைட் ஃபீல்ட் விமானத் தளத்தில், போயிங் நிறுவனத்தின் 299 எனும் புதிய குண்டுவீச்சு விமானம் சோதனைக்காக மேலெழுந்தது. அதனைச் செலுத்தியவர் அனுபவம் மிக்க இராணுவ விமானி. விமானம் தரையில் நிற்கும்போது காற்றால் அசையாதிருக்க, அதன் வால்பகுதியின் அசையும் பாகங்கள் பூட்டப்பட்டிருந்தன. பறக்கும் முன் அந்தப் பூட்டை விடுவிக்க மறந்துவிட்டனர். சற்று உயரத்திலேயே விமானம் நிலைகுலைந்து விழுந்தது. அவ்விபத்தில் இருவர் உயிரிழந்தனர்.

விமானிகளுக்குத் திறமை போதவில்லை என்று யாரும் முடிவு செய்யவில்லை. நினைவை மட்டும் நம்பிச் செலுத்த முடியாத அளவுக்கு விமானம் சிக்கலாகிவிட்டது என்பதை உணர்ந்தனர். ஆகவே, புறப்படுவதற்கும் தரையிறங்குவதற்கும் உரிய படிகளைச் சரிபார்ப்புப் பட்டியலாக எழுதினர். இன்று உலகெங்கும் விமானிகள் அத்தகைய பட்டியலைப் பார்த்த பின்னரே விமானத்தை இயக்குகின்றனர்.

மருத்துவத் துறையும் இவ்வழியைப் பின்பற்றியது. உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறுவைச் சிகிச்சைக்கான 19 குறிப்புகள் கொண்ட பட்டியலை வெளியிட்டது. 8 நாடுகளில் உள்ள 8 மருத்துவமனைகளில் அது சோதிக்கப்பட்டது. அங்கு அறுவைச் சிகிச்சைக்குப் பிந்திய இறப்பு விகிதம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது என்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு தெரிவித்தது.

இந்தப் பட்டியலில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. அது மருத்துவரின் பையில் மடித்து வைக்கப்படுவதில்லை. அறையிலுள்ள அனைவரும் கேட்கும்படி வாய்விட்டுப் படிக்கப்படுகிறது. குழுவினர் ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் கூறுகின்றனர். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்பது தாதிக்கும் தெரிவதால், ஏதேனும் விடுபட்டால் அவரும் சுட்டிக்காட்ட முடிகிறது. வீட்டுக்கும் இப்படிப்பட்ட பட்டியல்தான் தேவை.

கண்ணுக்குத் தெரியாத வேலை

வீட்டு வேலை என்றால் சமைத்தல், பெருக்குதல், துவைத்தல் ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. இவற்றைச் செய்வோரைக் கண்ணால் காண முடியும். ஆனால், வேலைக்கு முன்னும் பின்னும் உள்ள சிந்தனை கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் எலிசன் டேமிங்கர் 35 தம்பதியரிடம் பேட்டி எடுத்து, 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார். வீட்டைப் பற்றிய சிந்தனை வேலையை அவர் நான்கு படிகளாகப் பிரித்தார். தேவையை முன்கூட்டியே உணர்தல், வழிகளைத் தேடுதல், முடிவெடுத்தல், முடிவு நிறைவேறியதா என்று கண்காணித்தல் என்பன அவை.

பள்ளிக் காலணி வாங்குவதை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மகனின் காலணி இறுக்கமாகி வருவதை யாரோ ஒருவர் கவனிக்கிறார். எந்தக் கடையில் நல்ல காலணி, என்ன விலை என்று விசாரிக்கிறார். பின்னர், குடும்பத்தார் கூடி எதை வாங்குவதென்று முடிவெடுக்கின்றனர். வாங்கிய காலணி காலுக்குப் பொருந்துகிறதா, இல்லையென்றால் மாற்ற வேண்டுமா என்று மீண்டும் அந்த ஒருவரே பார்க்கிறார். கடைக்குக் காரோட்டிச் சென்றவரின் உழைப்பு எல்லாருக்கும் தெரிகிறது. முதலில் கவனித்தவரின் உழைப்பு யாருக்கும் தெரிவதில்லை. டேமிங்கரின் ஆய்வில், முடிவெடுப்பதில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் சேர்ந்தே ஈடுபட்டனர். ஆனால், முன்கூட்டி உணர்வதையும் கண்காணிப்பதையும் பெண்களே மிகுதியாகச் செய்தனர்.

பிள்ளைகள் பலர் உதவ மறுப்பவர்கள் அல்லர். "என்ன செய்யணும்னு சொல்லுங்கம்மா, செய்றேன்" என்று அன்போடு கேட்பார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆயினும், என்ன செய்ய வேண்டும் என்று எண்ணி, சரியான நேரத்தில் சொல்லி, முடிந்ததா என்று பார்க்கும் வேலை அம்மாவிடமே தங்கிவிடுகிறது. கைகள் பல ஆனாலும் தலை ஒன்றாகவே இருக்கிறது. அந்தத் தலைக்கு ஒருநாள் காய்ச்சல் வந்தால் வீடே நின்றுபோகிறது.

நினைவைத் தாளில் இறக்குதல்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். அம்மா மருத்துவமனையில் தாதி, வேலை நேரம் வாரந்தோறும் மாறும். அப்பா லாரி ஓட்டுநர், சில இரவுகள் வெளியூரில் தங்குவார். பாட்டி உடன் வாழ்கிறார். மகள் படிவம் 3இல் பயில்கிறாள். மகன் நான்காம் ஆண்டு மாணவன். இக்குடும்பம் தன் வேலைகளை நான்கு படிகளில் ஒழுங்குபடுத்தலாம்.

முதற்படி, மனத்தில் இருப்பதை எல்லாம் எழுதுதல். ஞாயிற்றுக்கிழமை மாலை ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு, வரும் மாதத்தில் வீட்டுக்காகத் தாம் நினைவில் வைத்திருப்பவற்றைப் பத்து நிமிடம் எழுத வேண்டும். பெரியது சிறியது என்று பார்க்க வேண்டியதில்லை. எழுதி முடித்ததும் தாள்களை மேசையில் பரப்பினால் ஓர் உண்மை வெளிப்படும். ஒருவரின் தாள் இருபுறமும் நிறைந்திருக்கும். மற்றவர்களின் தாள்களில் நான்கைந்து வரிகளே இருக்கும். யார் எவ்வளவு சுமக்கிறார் என்பதைக் காட்ட வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் படி, வகைப்படுத்துதல். குறிப்பிட்ட நாளில் செய்ய வேண்டியவை நாள்காட்டிக்குச் செல்ல வேண்டும். வாரந்தோறும் வருபவை வாரப் பலகைக்குச் செல்ல வேண்டும். தீர்ந்துபோகும் பொருள்கள் வாங்க வேண்டியவை பட்டியலுக்குச் செல்ல வேண்டும். இம்மூன்று இடங்களே போதும். ஒரே செய்தி ஐந்து இடங்களில் இருந்தால் எதை நம்புவது என்ற குழப்பமே மிஞ்சும்.

மூன்றாம் படி, பெயர் எழுதுதல். ஒவ்வொரு வேலைக்கும் ஒருவர் முழுப் பொறுப்பேற்க வேண்டும். 'பாட்டியின் மாத்திரை' மகளின் பொறுப்பு என்றால், அம்மா சொன்ன பிறகு எடுத்துக் கொடுப்பது என்று அதற்குப் பொருளில்லை. சனிக்கிழமைதோறும் மாத்திரைகளை எண்ணுவதும், ஒரு வாரத்திற்கு மட்டுமே இருக்கும்போது அப்பாவிடம் தெரிவிப்பதும், வாங்கி வந்தாரா என்று பார்ப்பதும் அவளுடைய வேலையே. நான்காம் ஆண்டு மகனும் பொறுப்பேற்கலாம். அரிசி, சீனி, சவர்க்காரம் ஆகியவற்றின் அளவைப் பார்த்துப் பட்டியலில் எழுதுவது அவனால் இயலும். பாட்டி மட்டும் விதிவிலக்கா? கீரையையும் காய்கறியையும் பற்றி அவரைவிட நன்கு அறிந்தவர் அவ்வீட்டில் இல்லை. சந்தைப் பட்டியலுக்கு அவரே தலைவர்.

நான்காம் படி, தெளிவாக எழுதுதல். 'மருத்துவமனை' என்று ஒரு சொல் எழுதினால், எழுதியவருக்கு மட்டுமே புரியும். '15ஆம் தேதி காலை 8.30, பாட்டிக்கு இரத்தப் பரிசோதனை. முதல் நாள் இரவு 10 மணிக்குப் பின் உணவு கூடாது. உடன் செல்பவர் அப்பா. அடையாள அட்டையும் மருத்துவப் புத்தகமும் தேவை' என்று எழுதினால், யார் படித்தாலும் செயல்பட முடியும். நல்ல குறிப்பில் என்ன, எப்போது, எங்கே, யார் ஆகிய நான்கும் இருக்கும்.

அக்குடும்பத்தின் வாரப் பலகை இவ்வாறு அமையலாம்:

• திங்கள்: பள்ளிச் சீருடைகளைத் துவைத்தல் – மகள்
• செவ்வாய்: குப்பையை வெளியே வைத்தல் – மகன்
• புதன்: புறப்பாட நடவடிக்கை, மாலை 5.00 மணிக்கு அழைத்து வருதல் – அப்பா (அவர் வெளியூரில் இருந்தால் அம்மா)
• வெள்ளி: சந்தைப் பட்டியலை நிறைவு செய்தல் – பாட்டி
• சனி: மாத்திரைகளை எண்ணுதல் – மகள், காய்கறி வாங்குதல் – அம்மா, மகன்
• ஞாயிறு: வாரத் திட்டக் கலந்துரையாடல், 15 நிமிடம் – அனைவரும்

பலகையைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டலாமா, கைப்பேசியில் வைத்துக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பர். இரண்டுக்கும் தனித்தனிப் பயன் உண்டு. கைப்பேசியில் பகிரப்பட்ட நாள்காட்டி, வெளியூரில் உள்ள அப்பாவுக்கும் தெரியும். உரிய நேரத்தில் ஒலி எழுப்பியும் நினைவூட்டும். கதவில் ஒட்டிய தாள், கைப்பேசி பயன்படுத்தாத பாட்டிக்கும் தெரியும். தண்ணீர் குடிக்க வரும் ஒவ்வொரு முறையும் கண்ணில் படும். புலனக் குழுவில் அனுப்பும் செய்தி மட்டும் போதாது. மாலைக்குள் நூறு வாழ்த்துப் படங்களுக்கு அடியில் அது புதைந்துவிடும்.

பட்டியலும் தவறலாம்

பட்டியல் போட்டதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு. மனிதர் தமக்குத் தேவைப்படும் நேரத்தைக் குறைத்தே மதிப்பிடுகின்றனர். கனடாவில் பல்கலைக்கழக மாணவர்களிடம், தங்கள் ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று ஆய்வாளர்கள் கேட்டனர். அவர்களின் மதிப்பீடு சராசரியாக 34 நாள். உண்மையில் அவர்களுக்குத் தேவைப்பட்டதோ 55 நாளுக்கும் மேல். இந்த ஆய்வு 1994ஆம் ஆண்டில் வெளியானது. ஆகவே, ஒரு மணி நேரம் என்று தோன்றும் வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குவது அறிவுடைமை. பாட ஒப்படைப்பைக் கடைசி நாளில் குறித்து வைப்பதைவிட, மூன்று நாளுக்கு முன்னரே குறித்து வைப்பது நல்லது.

அளவுக்கு மீறிய பட்டியலும் பயன் தராது. ஒரு நாளுக்கு இருபது வேலைகளை எழுதி, ஐந்தை மட்டும் முடித்தால் மனம் சோர்ந்துவிடும். இரண்டாம் வாரத்தில் அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்கவே விருப்பம் இருக்காது. கட்டாயம் முடிக்க வேண்டிய மூன்றை முதலில் எழுதி, நேரம் இருந்தால் செய்யக்கூடியவற்றைக் கீழே எழுதலாம். மூன்று வாரமாகச் செய்யப்படாமல் கிடக்கும் வேலையை, உண்மையிலேயே தேவைதானா என்று கேட்டு அடித்துவிடுவதும் திட்டமிடலின் ஒரு பகுதியே.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, பட்டியலைக் குற்றம் சாட்டும் கருவியாக மாற்றுவது. "பார், உன் பெயர் எழுதியிருக்கிறது, நீ செய்யவில்லை" என்று நாள்தோறும் சுட்டிக்காட்டினால் வீடு காவல் நிலையம் போலாகிவிடும். வேலை விடுபட்டால், ஏன் விடுபட்டது என்று ஞாயிற்றுக்கிழமைக் கலந்துரையாடலில் பேச வேண்டும். தேர்வு வாரத்தில் மகளின் வேலையைத் தம்பி ஏற்கலாம். அம்மாவுக்கு இரவு வேலை உள்ள வாரத்தில் சமையலை அப்பா ஏற்கலாம். அந்தப் பதினைந்து நிமிடம் இல்லாத வீட்டில், எவ்வளவு அழகான திட்டக் குறிப்பேடும் சில வாரங்களில் வெறும் தாளாகிவிடும்.

பொறுப்பின் தொடக்கம்

பட்டியல் பாத்திரம் கழுவாது. நாள்காட்டி கட்டணம் செலுத்தாது. வேலையைச் செய்வது மனிதரே. ஆனால், எழுதி வைத்த வீட்டில் வேலையைத் தொடங்க யாருடைய கட்டளைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா காய்ச்சலில் படுத்திருந்தாலும், புதன்கிழமை யாரை எங்கிருந்து அழைத்து வர வேண்டும் என்பது பலகையில் இருக்கும். பாட்டியின் மாத்திரைகள் எண்ணப்பட்டிருக்கும். படுத்திருப்பவர் எழுந்து வந்து நினைவூட்டாமல் ஓய்வெடுக்கலாம்.

இன்றைய மாணவர் நாளை உயர்கல்விக்காக விடுதியில் தங்குவார். பின்னர் தனி வீடு எடுத்து வாழ்வார். அங்கே கட்டணம் செலுத்த வேண்டிய நாளைச் சொல்லவும், சவர்க்காரம் தீர்ந்துவிட்டது என்று அறிவிக்கவும் யாரும் இருக்கமாட்டார்கள். அந்நாளில் திடீரெனக் கற்றுக்கொள்வதைவிட, இன்று ஒரு பொறுப்பைத் தொடக்கம் முதல் முடிவு வரை தாமே ஏற்றுப் பழகுவது எளிது. சொன்னதைச் செய்பவர் நல்ல உதவியாளர். சொல்லாமலே கவனித்துச் செய்பவர் வீட்டின் பங்காளி.

சொல் வளம்

பொச்சாவாமை – மறவாமை, கடமையில் தளர்ச்சியின்மை
முன்கூட்டி – நிகழ்வதற்கு முன்பே
தாதி – மருத்துவமனையில் நோயாளிகளைப் பராமரிப்பவர்
ஒப்படைப்பு – ஆசிரியர் செய்யப் பணிக்கும் பாட வேலை
புலனம் – வாட்ஸ்அப் செயலி

கருத்துணர் வினாக்கள்

1. நினைவின் இரு வகைகள் யாவை? அவற்றுள் எது எளிதில் தவறக்கூடியது? ஏன்?
2. 1935ஆம் ஆண்டு விமான விபத்திலிருந்து விமானிகள் கற்றுக்கொண்ட பாடம் என்ன?
3. அறுவைச் சிகிச்சைப் பட்டியல் வாய்விட்டுப் படிக்கப்படுவதால் விளையும் நன்மையை விளக்குக.
4. 'கைகள் பல ஆனாலும் தலை ஒன்றாகவே இருக்கிறது' எனும் தொடர் உணர்த்தும் கருத்து யாது?
5. வீட்டு வேலைகளைக் கைப்பேசியில் மட்டும் குறித்து வைப்பது போதுமா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

செயற்பாடு

உன் குடும்பத்தினர் ஒவ்வொருவரும் வீட்டுக்காக நினைவில் வைத்திருப்பவற்றைப் பத்து நிமிடம் எழுதச் செய்க. தாள்களை ஒப்பிட்டு, உன்னால் முழுமையாக ஏற்கக்கூடிய இரண்டு பொறுப்புகளைத் தேர்ந்தெடுக. அவற்றை நான்கு வாரம் நிறைவேற்றிய பின், உன் அனுபவத்தை வகுப்பில் கூறுக.